செங்கல் வரை பச்சை

"சும்மா இருங்க."

ஊருக்குப் போகும்போது நான் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான். உலகத்தில் இதைவிடச் சுலபமான வேலை ஒன்று இருந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள். என் வீட்டில் வளர்ந்த மனிதர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் அதைச் செய்யத் துப்பில்லை.

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தேன். பேத்தியைக் குளிப்பாட்டி, தூங்க வைத்து, மகளுக்கும் உடம்பு தேறியதும், விடுப்பு முடிகிறதே என்று பஸ் பிடித்துத் திரும்பினேன். கையில் இரண்டு பை, முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டு கேட் வரைக்கும்தான் வந்தது.

வீட்டு முன்பக்கம் முழுக்கப் பச்சையாக விரிந்து கிடந்த என் பொடுதலை கருகிக் கிடந்தது. கொடியெல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தது. இலையைத் தொட்டால் நொறுங்கியது. இடையிடையே மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்து, காய்ந்து, வெடித்திருந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தேன்.

சோப்புத்தூள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவளிடம் இந்த வாசனையை மறைக்க முடியுமா? நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளையும் டாக்டர்களின் அங்கிகளையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் புரட்டுகிறவள் நான். முதல் தண்ணீரா, அலசிய தண்ணீரா என்று மூக்கே சொல்லிவிடும். இது முதல் தண்ணீர். அழுக்கும் காரமும் கலந்தது. எங்கள் கூடத்துக்குப் பின்னால் அந்தத் தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் ஒரு புல்கூட முளைக்காது.

"யார் பண்ண வேலை இது?" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. திறக்கட்டும். "ஏய், வீட்டுல யாரு இருக்கீங்க? வெளியில வாங்க எல்லாரும்!"

ஒரு களைச்செடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். காலமெல்லாம் புகையையும் புழுதியையும் தின்றதில் நுரையீரல் போய்விட்டது. ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவரோடு சேர்ந்து, வாயில் வைத்து மருந்தை இழுக்கிற ஒரு பம்பும், முகமூடி வைத்த ஆவி மெஷினும் வந்தன. "மருந்து பாதி வேலைதான் செய்யும்மா. புழுதி படாம பாத்துக்குங்க. புழுதிதான் எமன்" என்றார் டாக்டர். எமனை வாசலிலேயே வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிற வீடு எங்களுடையது. முன்பக்கம் வெறும் மண். அதைப் பார்த்த ஜன்னல் அவருடைய அறை ஜன்னல். காற்றுக் காலம் வந்துவிட்டால் அந்த மண் முழுக்க எழுந்து அறைக்குள் வரும். கதவை மூடி, ஜன்னலை மூடி, இடுக்கில் ஈரத்துணி சொருகினாலும் வரும். போன காற்றுக் காலத்தில் அவரை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டாவது தடவை உதடு நீலமாகிவிட்டது. சலவைக்கூடத்துக்கு வந்த விரிப்புகளில் எது அவர் படுத்திருந்தது என்று தேடிக்கொண்டே மெஷினில் போட்டவள் நான். அந்த நாளை எதிரிக்கும் சொல்ல மாட்டேன்.

சிமெண்ட் போட்டுவிடலாம் என்றான் கொழுந்தன். மாடியில் குடியிருக்கிறான். எதற்கெடுத்தாலும் ஒரு யோசனை வைத்திருப்பான் என்பதால் வீட்டில் அவனுக்கு 'ஐடியா' என்றே பேர். அவனுக்கு ஸ்கூட்டரை நிறுத்த நல்ல தரை வேண்டும், அது எனக்குத் தெரியாதா? ஸ்டாண்ட் மண்ணில் புதைகிறது என்று ஏற்கெனவே நடுவில் ஒரு செங்கல்லைப் பதித்து வைத்திருந்தான். பக்கத்து வீட்டில் சிமெண்ட் போட்டதும் அவர்கள் முன்னறை அடுப்பாகிவிட்டது. வெயிலில் வேகிற அறையில் மூச்சு முட்டுகிற மனிதரை எப்படிப் படுக்க வைப்பது? புல்தரை போடலாம் என்றால் ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீர் குடிக்கவே காணாது.

அப்போது தோன்றியதுதான் பொடுதலை. அவர் வேலை பார்த்த டிப்போவில் பஸ் திரும்புகிற இடத்து ஓரமெல்லாம் அது தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. மேலே டீசல் சொட்டும். டயர் ஏறும். அத்தனைக்கும் அது பாட்டுக்குச் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூப்பூத்துக்கொண்டு இருக்கும், பூவுக்குத் தேனீ வரும். மண்ணை அப்படியே பிடித்து வைத்திருக்கும். ஒரு விடுமுறை நாளில் போய், காவலாளியிடம் கேட்டு, சாக்கு நிறையக் கொடி அறுத்துக்கொண்டு வந்தேன்.

"நான் தினம் பஸ் ஏத்தி மிதிச்ச செடிடி இது" என்று சிரித்தார் இவர்.

"அதான் கொண்டாந்தேன். உங்களுக்கே தாக்குப் பிடிச்சிருக்குன்னா எதுக்கும் தாக்குப் பிடிக்கும்."

ஒவ்வொரு கணுவும் மண்ணில் படும்படி துண்டு துண்டாகப் புதைத்தேன். கணுவுக்குக் கணு வேர் விடுகிற செடி அது. வேர் பிடிக்கிற வரைக்கும் என் குளியலில் பாதியைக் குறைத்து அதற்கு ஊற்றினேன். தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போட்டேன். சலவைக்கூடத்தில் தொட்டி தொட்டியாகத் தண்ணீரைப் பாழாக்கிவிட்டு, வீட்டில் ஒரு குவளைத் தண்ணீரோடு குனிந்து நிற்கும்போது வந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும். மெல்ல மெல்ல அது கேட்டைத் தொட்டது. ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் ஒருநாள் காற்று அடித்தது. ஜன்னல் கட்டையை விரலால் தடவிப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால்தான் கிளம்பும்போது மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னேன். "வேர் கீழ இறங்கிடுச்சு. இனிமே அது தன் பாட்டைத் தானே பாத்துக்கும். யாரும் தண்ணி ஊத்த வேணாம், உரம் போட வேணாம், பாசம் காட்ட வேணாம். சும்மா இருங்க."

மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். மாடுகூட இவர்களைவிட அர்த்தத்தோடு தலையாட்டும்.

என் கத்தலைக் கேட்டு ஐடியா மாடிப்படியில் இறங்கி வந்தான். "வாங்க அண்ணி. பாப்பா எப்படி இருக்கா?"

"பாப்பா இருக்கட்டும். இதுல என்னத்தடா ஊத்தின?"

"நான் எதையும் ஊத்தலையே."

"ஊத்தலையா? இந்த மண்ணை மோந்து பாரு. எனக்கேவா? சிமெண்ட் சிமெண்ட்னு அடிச்சுக்கிட்டியே, நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வழி பண்ணிக்கிட்டியா? உன் ஸ்கூட்டர் நிக்கணும்னு உங்கண்ணன் படுக்கணுமா?"

அவன் முகம் செத்துவிட்டது. "அண்ணி, என்ன பேச்சு பேசறீங்க? சத்தியமா நான் ஒரு சொட்டு ஊத்தலை."

"சத்தியம் என்ன சக்கரைப் பொங்கலா உனக்கு? போன தடவை பைப்பை உடைச்சப்பவும் இதே சத்தியம்தான்."

அப்போதுதான் மாடிப்படியில் விசும்பல் கேட்டது. என் ஓரகத்தி, இவன் பெண்டாட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாயில்லாப் பூச்சி. அவளைத் திட்டவே எனக்கு மனசு வராது, அதனாலேயே அவள் செய்கிற காரியங்கள் எல்லாம் தப்பித்துவிடும்.

"அக்கா, நான்தான்" என்றாள். "மெஷின்ல துவைக்கிற தண்ணி வீணாப் போகுதேன்னு காலையில ஊத்தினேன். இவரு வேலைக்குப் போனப்புறம்."

"நீ ஊத்தினியா?" என்று புருஷன்காரன் அவள்மேல் பாய்ந்தான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி? அதான் அது மஞ்ச மஞ்சளா…" என்று ஆரம்பித்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

நான் விடுவேனா? "மஞ்சளா? மஞ்சளானதும் நீ என்ன பண்ணின?"

"ஒண்ணுமில்லை அண்ணி."

"நீதான் எதையும் ஊத்தலையே. ஊத்தலைன்னா என்ன பண்ணின, தூவினியா?"

தரையைப் பார்த்தான். "யூரியா. கொஞ்சமாத்தான். மஞ்சளாச்சுன்னா சத்துக் குறைவுன்னு போன்ல ஒருத்தர் சொன்னாரு. சாயங்காலமா, யாருக்கும் தெரியாம."

"எவ்வளவு கொஞ்சம்?"

"பாக்கெட்டுல இருந்தது."

"முழுப் பாக்கெட்டா?"

அவன் தலையைச் சொறிந்தான். ஓரகத்தி மெல்ல, "அப்புறம் ஒரே வாரத்துல ஓரமெல்லாம் கருக ஆரம்பிச்சிடுச்சு அக்கா. வெயில் தாங்கலை போலன்னு நான் இன்னும் ரெண்டு பக்கெட் சேத்து ஊத்தினேன்" என்றாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காவது எப்படி என்று யாராவது தெரிந்துகொள்ள வேண்டுமானால் என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கலாம். அவள் சோப்புத் தண்ணீர் ஊற்றியதால் மஞ்சளானது. மஞ்சளானதால் இவன் யூரியா உப்பைக் கொட்டினான். உப்பில் கருகியதால் அவள் மறுபடி சோப்புத் தண்ணீர். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரு செடியைக் கொன்றிருக்கிறார்கள்.

"நான் சும்மா இருங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? அது என்ன வேத்துப் பாஷையா?"

ஓரகத்தி மூக்கை உறிஞ்சினாள். "சும்மா விட்டு, அது செத்துக்கித்துப் போச்சுன்னா நீங்க எங்களை உயிரோட விடமாட்டீங்களேன்னுதான் அக்கா."

"இப்ப மட்டும் விட்டுடுவேனா?"

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்ததும் ஜன்னல் சாத்திக்கொண்டது. காற்றுக் காலம் அடுத்த மாதம். இனி இந்த மண்ணைச் சுரண்டி, கழுவி, கொடி வைத்து, அது வேர் பிடித்து… எப்போது? இவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

ஏசிக்கொண்டே வீட்டுப் படியேறப் போனவள் நின்றேன்.

படியின் கீழே பச்சையாக இருந்தது. எல்லா இடமும் செத்துக் கிடக்க, படியடியிலிருந்து அரைவட்டமாக ஒரு துண்டு மட்டும் உயிரோடு இருந்தது. உயிரோடு என்றால் அடர்த்தியாக, பூவோடு. சுவரோரம் தொடங்கி, வளைந்து, ஐடியா பதித்த செங்கல் வரைக்கும் வந்து அங்கே நின்றுவிட்டது. செங்கல்லுக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் கரி.

"இங்க மட்டும் நீங்க ஊத்தலையா?"

"அங்கயும்தான் ஊத்தினேன்" என்றாள் ஓரகத்தி. "எல்லா இடத்துலயும்தான்."

"அப்புறம் இது எப்படிப் பொழைச்சுது?"

ஓரகத்தியின் கண் ஒரே ஒரு தடவை ஜன்னல் பக்கம் போய் வந்தது. உள்ளே இவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இவ்வளவு கூச்சலுக்கும் அவர் வாசலுக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் ஹாரனை விடச் சத்தமாக நான் கத்துகிறேன் என்று கேலி பண்ணுகிற மனிதர்.

"என்ன நடந்துச்சு?" என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"அத்தான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு."

"சொல்லு."

"மதியம் நாங்க யாரும் இல்லாதப்ப நல்ல தண்ணி எடுத்துட்டு வந்து ஊத்தியிருக்காரு அக்கா. குவளை குவளையா. சோப்பு கழுவிக்கிட்டுப் போகட்டும்னு. எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் நான் சீக்கிரம் வந்து பாத்தா, அந்தச் செங்கல்லுகிட்ட மண்ணுல உக்காந்திருந்தாரு. குவளை ஒரு பக்கம் கிடந்துச்சு. வாயால மூச்சு விடறாரு, சத்தமே வரலை. தூக்கிட்டு வந்து மெஷின் வச்சோம். கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு."

அந்தப் பச்சையை மறுபடி பார்த்தேன். படியிலிருந்து செங்கல் வரைக்கும். ஒரு குவளையைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்க முடிந்த தூரம் அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் மூச்சு எட்டவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு இதுவரை வந்ததெல்லாம் கால்தூசு. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

அறை சுத்தமாக இருந்தது. தலைப்பக்கம் உயர்த்திய கட்டில், மேஜைமேல் மெஷின், பம்பு, மூடி போட்ட கூஜா. வெதுவெதுப்பான தண்ணீர் நிறையக் குடித்தால் சளி இளகும் என்று டாக்டர் சொன்னதால் நான் வாங்கி வைத்த கூஜா அது. பக்கத்தில் குவளை. நாற்காலிக்கு அடியில் அவருடைய செருப்பு, அடியெல்லாம் காய்ந்த சேறு.

"குடிக்கிற தண்ணியையா கொண்டுபோய்க் கொட்டினீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பேத்தி யார் ஜாடை?"

"பேச்சை மாத்தாதீங்க! அறிவு இருக்கா உங்களுக்கு? யாருக்காக அந்தச் செடி? சொல்லுங்க, யாருக்காக? நீங்க மூச்சு விடணும்னு நான் அதை வளத்தேன். அதுக்குத் தண்ணி ஊத்தறேன்னு மூச்சை விட்டுட்டு மண்ணுல உக்காந்திருக்கீங்க. உள்ளதும் போச்சு நொள்ளக் கண்ணான்னு ஆகியிருந்தா? நான் அங்க பேத்திக்குத் துணி மடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். போன் வந்திருக்கும். அதை நினைச்சீங்களா? சோப்புத் தண்ணி ஊத்தறான்னு தெரிஞ்சுதுல்ல, வாயைத் திறந்து ஊத்தாதேன்னு சொல்ல முடியலையா? மூணு வேளையும் சோறு போடறாளேன்னு பாத்தீங்களா? சொல்றதுக்கு என்ன கேடு? நாற்காலியில சும்மா உக்காந்திருக்கறதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"இருக்கு" என்றார்.

"என்ன?"

அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் பேசும்போது நடுநடுவே மூச்சு வாங்குவதற்கு நிற்பார், நான் அந்த இடைவெளிகளில் அவருக்காகப் பேசி முடித்துவிடுவேன். அன்றைக்கு முதல் வார்த்தையிலேயே கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"சும்மா இரு, சும்மா இரு. எந்திரிச்சா சும்மா இருங்க. குனிஞ்சா சும்மா இருங்க." மூச்சு. "தண்ணி மோந்து குடிச்சாக்கூட, நான் தரேன், நீங்க சும்மா இருங்க." மூச்சு. "ஊரே ஏறின பஸ்ஸை ஓட்டினவன்டி நான். மலையில, மழையில. பின்னாடி அத்தனை பேரு தூங்குவாங்க, என்னை நம்பி." இந்தத் தடவை மூச்சு வர நேரமாகியது. நான் வாயைத் திறக்கவில்லை. "உனக்கு என்ன வேணும் தெரியுமா? நானும் அந்தச் செடி மாதிரி இருக்கணும். தண்ணி கேக்காம, சத்தம் போடாம, போட்ட இடத்துல விரிஞ்சு கிடக்கணும். அதுவாவது படருது."

பம்பை எடுத்து இழுத்துக்கொண்டார். நான் உதவப் போகவில்லை. போயிருந்தால் அடித்திருப்பார் என்று தோன்றியது.

"எனக்காக வச்ச செடி எங்கண்ணு முன்னாடி சாகுது" என்றார், கொஞ்சம் தணிந்து. "ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா? அவ ஆசையா ஊத்தறா, அவளை எப்படி நான் சொல்லுவேன்? என்னால முடிஞ்ச வரைக்கும் கழுவி விட்டேன். அந்தச் செங்கல்லைத் தாண்ட முடியலை. அவ்வளவுதான்."

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அழுதேன். அதுவும் கோபத்தில்தான். அவர்மேல் கோபம், இந்தத் தூங்குமூஞ்சிகள்மேல் கோபம், ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிற குழாய்மேல் கோபம். என் மேலும்தான். அவர் சொன்னதற்குத் திருப்பிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லையே என்று கோபம்.

விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். என் வீட்டில் யாராலும் சும்மா இருக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. முடியாதவர்களை வைத்துக்கொண்டு அதே உத்தரவை மறுபடி போட நான் என்ன முட்டாளா? ஐடியாவின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தேன். வெள்ளை படிந்த மேல்மண் முழுவதையும் சுரண்டி மூட்டை கட்ட வேண்டும்.

"அண்ணி, எனக்கு ஒரு ஐடியா…"

"ஐடியாவை மடிச்சு உள்ள வச்சுட்டு வெட்டுடா."

வெட்டினான். ஓரகத்திக்கு, குழாய் வருகிற நாளெல்லாம் நல்ல தண்ணீரைத் தூக்கிக் கொட்டி மண்ணைக் கழுவுகிற வேலை. ஆசை தீர ஊற்றட்டும். அந்த ஒரு வாரம் நாங்கள் யாரும் சரியாகக் குளிக்கவில்லை. சலவைக்கூடத்தில் பக்கத்து மெஷின்காரி என்னிடமிருந்து நகர்ந்து நின்றாள். நிற்கட்டும்.

மண்ணில் சோப்பு வாசனை போனதும், படியடியில் பிழைத்திருந்த பச்சையிலிருந்து கொடி அறுத்தேன். அவர் ஊற்றிய தண்ணீரில் கொடி நீளமாக ஓடியிருந்தது. கணுக்கள் எல்லாம் வெள்ளை வேர்முளையோடு தயாராக இருந்தன. செங்கல்லில் தொடங்கி கேட் வரைக்கும் வரிசை வரிசையாகக் கொடிகளைக் கிடத்தி மண்ணைத் தூவினேன். இனி அவற்றைக் கெட்டியாக அழுத்தி விட வேண்டும். கணு மண்ணோடு ஒட்டினால்தான் வேர் இறங்கும். இல்லாவிட்டால் காற்றில் தூக்கிக்கொண்டு காய்ந்துவிடும். காற்றுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலங்களில் தெருமுனையில் காகிதங்கள் சுழல ஆரம்பித்திருந்தன.

முதல் வரிசையைக் கையால் குத்தி முடித்து நிமிர்ந்தேன். இவர் படியில் நின்றிருந்தார். கால்களில் ஷூ. வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கனத்த கறுப்பு ஷூ. எப்போது தேடி எடுத்தார், எப்படிக் குனிந்து நாடா கட்டினார் என்று தெரியவில்லை.

உள்ளே போங்க, புழுதி பறக்குது, விழுந்து வைக்காதீங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

"இதுக்கு என்ன பண்ணணும்?" என்றார்.

"மிதிக்கணும்."

"மிதிக்கணுமா?"

"ஆமா. டிப்போவில எப்படி அவ்வளவு கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு நினைச்சீங்க? நீங்க எல்லாம் ஏத்தி ஏத்தி மிதிச்சதுலதான். வரிசை வரிசையா, மெல்ல. தினம். ஐடியாவை விட்டா குதிச்சுப் பிச்சு எறிஞ்சுடுவான். அவளை விட்டா ஐயோ பாவம்னு மிதிக்கவே மாட்டா."

"உன்னை விட்டா?"

"எனக்கு இருக்கிற கோபத்துக்கு மிதிச்சா பாதாளத்துக்குப் போயிடும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாகியது. நான் எழுந்திருக்கவில்லை. பிறகு படியிறங்கினார். பிழைத்திருந்த பச்சையின் மேல் நடந்து வந்தார். பாதியில் நின்றார். பம்பை எடுத்தார், இழுத்தார், பையில் போட்டுக்கொண்டார். ஐடியா மண்வெட்டியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான். ஓரகத்தி பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

செங்கல்லுக்கு வந்தார். அங்கே வெகு நேரம் நின்றார். இடுப்பில் கை வைத்து, குனிந்து, மூச்சை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு காலைத் தூக்கிச் செங்கல்லுக்கு அந்தப் பக்கம், புதிதாகக் கிடத்திய கொடிமேல் வைத்தார். அழுத்தினார். அடுத்த காலை வைத்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. "போதும்! இன்னிக்கு அது போதும், திரும்புங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல், வரிசையை விட்டுக் கால் விலகாமல், அடுத்த அடியை வைத்துக்கொண்டே சொன்னார்.

"சும்மா இருடி. வேலை பாக்கறேன்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.